ஆள்காட்டி

காரகண்டாவை விட்டுக் கிளம்பியதிலிருந்து
ஓட்டுவது நான்தான்.
கைர்பெக் ஓட்டினால் சாலையைப் பார்ப்பதில்லை,
கம்பிகளைப் பார்க்கிறான்.
போன வருடம் ஒரு பனங்காடைக்காக
முட்டைத் தட்டோடு சேர்த்து எங்களைப் பள்ளத்தில் இறக்கினான்.
பனங்காடை பறக்கவேயில்லை.
கம்பியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது.

அன்றைக்கு ஓர் ஒப்பந்தம்:
அவன் கைக்கு ஸ்டியரிங் கிடையாது.
"நிறுத்து" என்று கத்தக் கூடாது.
"முடிந்தால் நிறுத்து" என்று சொல்லலாம்.

இப்போது
முடிந்தால் நிறுத்து என்று கத்துகிறான்.

பின்சீட்டில் இல்யாஸ், பதினைந்து வயது.
காதில் ஹெட்போன், மடியில் தொலைநோக்கியின் மூன்று கால்கள்.
மார்ச்சிலிருந்து என்னிடம் அவனுக்கு மூன்றே சொற்கள்:
ஆமா, இல்ல, பசிக்கல.
பக்கத்தில் ஜான்சயா நோட்டில் தனிக்கணக்கு வைத்திருக்கிறாள்.
கொக்கு ஏழு, குதிரை நிறைய,
துருப்பிடித்த டிராக்டர் ஒன்று,
விமானம் ஒன்று, அதற்கும் இறக்கை இருக்கிறதே,
தூங்கும் அப்பா ஒன்று.

தூங்கும் அப்பாவின் கணக்கில் முந்நூற்றுப் பதினொன்று.
அடுத்த வரிக்கு எண் போட்டாயிற்று, பேரும் எழுதியாயிற்று,
தேதி மட்டும் பதினோரு வருடமாகக் காலி.
புல்வெளி ஆள்காட்டி.
உலகத்தில் கொஞ்சம்தான் மிச்சம் என்பான்,
வராத கடனைச் சொல்வதுபோல.
அதற்காக என் தங்கை கல்யாணத்தில்
இறைச்சி பரிமாறும்போது அவன் இல்லை.
அதற்காக ஏதோ ஒரு சதுப்பில்
என் இடது பூட்ஸ் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.

நேற்று தெங்கிஸ் ஏரியில் பூநாரைகள்.
எட்டாத தூரத்தில், கானலில்,
உதறிய ரோஜாநிறத் துணிபோல நடுங்கின.
"சின்னதா இருக்கு" என்றாள் ஜான்சயா.

இன்று திரும்பும் வழியில்
பெயர்ப்பலகையில் பாதி எழுத்து உதிர்ந்த ஓர் ஊர்.
ரேடியேட்டர் கொதித்தது.
கைர்பெக் கேனைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் கேட்கப் போனான்.
அதற்கும் கழுத்தில் பைனாகுலரோடு.
நாய்கள் குரைத்துக்கொண்டே கூடப் போயின.

இன்ஜின் டிக் டிக்கென்று ஆறியது.
கண்ணாடியை இறக்கினேன்.
மாடு மேய்ந்து மொட்டையான தரை, காய்ந்த சாணி,
ஒரு பிளாஸ்டிக் வாளி.
வாளிக்கு இந்தப் பக்கம், என் கதவிலிருந்து பத்தடியில்,
கறுப்புத் தொப்பி. வெள்ளைப் புருவம்.
இரண்டு புருவமும் பிடரியில் போய்ச் சேருமிடம்,
புத்தகப் படத்தில் அவன் விரல் தடவித் தேய்ந்த அதே இடம்.
சாணியைப் புரட்டி எதையோ தின்றது.
இரண்டு எட்டு ஓடும், நிற்கும்,
அடுப்பை அணைத்தோமா என்று யோசிக்கிறவள்போல.

கூப்பிட்டிருக்கலாம்.
நூறடியில், வேலிக்கு அப்பால்,
யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தான்.
ஹாரன் அடித்தால் பறந்துவிடும் என்பது
பிறகு நான் கண்டுபிடித்த காரணம்.
கை ஹாரன்மேல்தான் இருந்தது.
அழுத்தத் தோன்றவில்லை.

அது தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது.
யாரும் யாரையும் எண்ணாத
கொஞ்ச நேரம்.

மேலே கண்ணாடியில் இல்யாஸ்.
ஹெட்போன் கழுத்துக்கு இறங்கியிருந்தது.
அவனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.
பிறகு என்னை.
தூங்கும் தங்கையின் தலையைத் தோளில் அசையாமல் தாங்கியபடி
ஒரு விரலை உதட்டில் வைத்தான்.

காற்றில் வாளி உருண்டது.
வெள்ளையும் கறுப்புமாய் இறக்கை விரிந்து,
ஒருமுறை கரகரத்து,
போய்விட்டது.
ஆளைக் காட்டிக்கொடுக்கும் பறவை என்று பேர்.
எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை.

கைர்பெக் வந்தான், தண்ணீரோடும்
அந்த வீட்டுக்காரி கொடுத்த குர்த் உருண்டைகளோடும்.
"ஏதாவது வந்துச்சா?"

"மாடு" என்றேன்.

"மாடு" என்றான் இல்யாஸ்.
மார்ச்சுக்குப் பிறகு
நான் சொன்னதை அவன் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

ஜான்சயா பாதி விழித்து, பென்சிலைத் தேடி எடுத்து,
எழுதிக்கொண்டாள்:
மாடு, இரண்டு.